சான் ஃபிரான்சிஸ்கோ டிஏ எலெக்‌ஷன்: ஓட்டு போட்ட ஒரு கஸ்டமரோட ரிவ்யூ

மிக்ஸி, மெத்தை, டென்டிஸ்ட்னு எல்லாத்துக்கும் ரிவ்யூ எழுதிட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி. சிட்டிசன்ஷிப் கிடைச்சு நான் போட்ட முதல் ஓட்டே 2019 நவம்பர்ல நடந்த டிஏ எலெக்‌ஷன்லதான், அதுக்கப்புறம் அதே போஸ்ட்டுக்கு 2022-ல ரெண்டு தடவை, 2024-ல ஒரு தடவை, ஆக அஞ்சு வருஷத்துல நாலு தடவை ஒரே ஆபீஸுக்கு ஓட்டுச்சீட்டுல கருப்பு பேனாவால முட்டை முட்டையா நிரப்பியிருக்கேன். இவ்ளோ தடவை யூஸ் பண்ணின சர்வீஸுக்கு ரிவ்யூ எழுத எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

டிஏன்னா டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. போலீஸ் ஒருத்தரை புடிச்சுட்டு வந்தா அவர் மேல கேஸ் போடலாமா வேணாமா, போட்டா எந்த செக்‌ஷன், ஜாமீனுக்கு என்ன சொல்றது, எவ்ளோ தண்டனை கேக்கறது, இதெல்லாம் முடிவு பண்ற ஆபீஸோட தலை. நம்ம ஊர்ல பப்ளிக் பிராசிக்யூட்டரை அரசாங்கம் போடும், பேர் கூட நமக்கு தெரியாது. இங்க தெருவுக்கு தெரு போஸ்டர் ஒட்டி ஓட்டு கேட்டு வரணும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. கலிஃபோர்னியால இந்த போஸ்ட்டுக்கு பேலட்ல கட்சி பேர் போட மாட்டாங்க, பேருக்கு கீழ என்ன வேலை பாக்கறார்னு மூணு வார்த்தை, அவ்ளோதான். ஒரு ஊரோட ஜெயில் சாவி யார் கையில இருக்கணும்ங்கறதுக்கு மூணு வார்த்தை! நம்ம மேட்ரிமோனியல் விளம்பரத்துல கூட இதைவிட ஜாஸ்தி இருக்கும்.

சரி, முதல்ல பேக்கேஜிங். எலெக்‌ஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி போஸ்ட்ல ஒரு புக் வரும், வோட்டர் இன்ஃபர்மேஷன் பாம்ஃப்லெட்னு பேரு, பாம்ஃப்லெட்னு சொன்னா ஏதோ கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி நினைச்சுடாதீங்க, நிறைய பிரபோசிஷன், அதாவது ஜனங்களே எஸ், நோன்னு ஓட்டு போட்டு முடிவு பண்ற விஷயம், இருக்கற வருஷத்துல தீபாவளி மலர் கனத்துக்கு வரும். இங்கிலீஷ், சைனீஸ், ஸ்பானிஷ், ஃபிலிப்பினோல கிடைக்கும், தமிழ்ல கிடையாது, எண்ணிக்கை பத்தாது, அதுல கோவப்பட ஒண்ணுமில்ல. எங்க பக்கத்து ஃபிளாட் சைனீஸ் பாட்டி அவங்க புக்கை சிவப்பு பென்சிலால கோடு போட்டு பரீட்சைக்கு படிக்கற மாதிரி படிப்பாங்க, அவங்களை பாத்து வெட்கப்பட்டுதான் நானும் முழுசா படிக்க ஆரம்பிச்சேன்.

படிச்சா ஆச்சரியம், நல்லா இருக்கு! ஒவ்வொரு பிரபோசிஷனுக்கும் நாலு கட்டம்: இப்ப எப்படி இருக்கு, என்ன மாத்தச் சொல்றாங்க, எஸ் போட்டா என்ன அர்த்தம், நோ போட்டா என்ன அர்த்தம். இதை எழுதறதுக்குன்னே பேலட் சிம்ப்ளிஃபிகேஷன் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, எட்டாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு புரியற இங்கிலீஷ்ல எழுதணும்ங்கறது அவங்க இலக்கு. என் ஆபீஸ்ல ஹெச்ஆர் அனுப்பற இன்ஷூரன்ஸ் மெயிலை இந்த கமிட்டிகிட்ட குடுத்து எழுதி வாங்கணும். அதுக்கப்புறம் ஆதரவு வாதம், எதிர் வாதம், அதுக்கு பதில், இதுக்கு பதில்னு போகும், அதுவும் தாண்டி காசு கட்டி யார் வேணா வாதம் போடலாம், 200 டாலர் ஃபீஸ், அதுக்கு மேல வார்த்தைக்கு 2 டாலர், அந்தக்கால தந்தி மாதிரி. இந்த பெய்டு வாதத்துக்கு அடியில காசு எங்கிருந்து வந்துச்சுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. நான் முதல்ல படிக்கறது அந்த பொடி எழுத்தைத்தான். மேல மளிகைக்கடைக்காரர் மாதிரி உருகி உருகி எழுதியிருக்கும், கீழ பாத்தா பெரிய கமிட்டி பேரு இருக்கும்.

ஆனா டிஏ பக்கத்துக்கு வந்தா புக் சப்புன்னு ஆயிடுது. கேண்டிடேட் ஒவ்வொருத்தரும் அவங்களே எழுதின ஒரு குட்டி அறிமுகம், பாதிக்கு மேல சப்போர்ட் பண்றவங்க பேர் லிஸ்ட். இப்ப இருக்கற ஆபீஸ் எத்தனை கேஸ் போட்டுச்சு, எத்தனை கோர்ட்ல நின்னுச்சு, எத்தனை திரும்பிடுச்சு, ஒரு வரி கிடையாது. சிட்டி கவர்மென்ட்டோட ஒரு சின்ன விதியை மாத்தறதுக்கு பத்து பக்கம் விளக்கம், ஊரோட சீஃப் பிராசிக்யூட்டருக்கு ஒரு போட்டோவும் ரெண்டு பாராவும். இதுக்குதான் ஒரு ஸ்டார் குறைக்கறேன்.

பழைய கஸ்டமர்ஸ்கிட்ட கேட்டா இந்த போஸ்ட்டோட கதையே தனி. நம்ம ஆளுங்களுக்கு தெரிஞ்ச பேரு கமலா ஹாரிஸ்தான். 2003-ல அப்போ டிஏவா இருந்த டெரன்ஸ் ஹாலினனை எதிர்த்து நின்னாங்க, ஹாலினன்கிட்டயே வேலை பாத்தவங்க. சூப்பர்மார்க்கெட் வாசல்ல இஸ்திரி போடற போர்டை விரிச்சு அதுல போஸ்டர் ஒட்டி அதையே மேஜையா வெச்சு போறவர்ற ஆளுங்ககிட்ட நோட்டீஸ் குடுத்தாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அவங்க அம்மா ஷ்யாமளாவும் கூட நின்னு கேம்பெய்ன் வேலை பாத்தாங்களாம். மெட்ராஸ்ல பொறந்த ஒரு அம்மா பொண்ணுக்காக எலெக்‌ஷன் வேலை பாக்கறதை நினைச்சா எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வரும், கவர் ஒட்டறேன்னு உக்காந்து ஒட்டினவன் கோணலா ஒட்டியிருக்கான்னு எல்லாத்தையும் பிரிச்சு திரும்ப ஒட்டியிருப்பாங்க. அந்த நவம்பர்ல ஹாலினன்தான் முதல் இடம், டிசம்பர்ல முதல் ரெண்டு பேருக்கு மட்டும் ரன்-ஆஃப்னு மறு ஓட்டு வெச்சப்ப ஹாரிஸ் சுமார் 56 சதவீதம் வாங்கி ஜெயிச்சாங்க. பதவிக்கு வந்து மூணு மாசம்தான், 2004 ஏப்ரல்ல ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டாரு, மரண தண்டனை கேக்க மாட்டேன்னு பிரச்சாரத்துல சொன்ன வாக்கை அந்த கேஸ்லயும் அவங்க விடல, இறுதிச் சடங்குல செனட்டர் டயான் ஃபைன்ஸ்டீன் மேடையிலேயே மரண தண்டனை வேணும்னு பேசினாங்க. போலீஸ் கூட்டம் எழுந்து நின்னு கை தட்டிச்சு, ஹாரிஸ் அதே ஹால்ல உக்காந்திருந்தாங்க. 2007-ல எதிர்த்து நிக்க ஆளே இல்ல.

அவங்க 2011-ல ஸ்டேட் அட்டர்னி ஜெனரலா போனப்ப காலி இடத்துக்கு அப்போ மேயரா இருந்த கேவின் நியூசம் ஊரோட போலீஸ் சீஃப் ஜார்ஜ் காஸ்கோனை போட்டாரு. புடிக்கற ஆளே கேஸ் போடற ஆளா ஆயிட்டாரு. இந்த "மேயர் போட்டாரு"ங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்த சர்வீஸோட பெரிய ஓட்டையே அதுதான், பின்னாடி வர்றேன்.

2019-க்கு வருவோம். காஸ்கோன் திரும்ப நிக்கல, அதனால பதவியில இருக்கற ஆள் யாருமே போட்டியில இல்லாத எலெக்‌ஷன், நாலு பேர் நின்னாங்க: சேசா பூடீன், சூசி லாஃப்டஸ், நான்சி டங், லீஃப் டாட்ச். எலெக்‌ஷனுக்கு ஒரு மாசம் இருக்கறப்ப காஸ்கோன் ராஜினாமா பண்ண, மேயர் லண்டன் ப்ரீட் போட்டியில இருக்கற லாஃப்டஸையே இடைக்கால டிஏவா அறிவிச்சாங்க, ரேஸ் நடக்கறப்ப ஒரு ஓட்டக்காரருக்கு ஷூ வாங்கிக் குடுத்த மாதிரி. ஊர்ல நிறைய பேருக்கு அது பிடிக்கல, எனக்கும்.

பூடீன் கதை சினிமாக்காரங்க எழுதினா நம்ப மாட்டோம். அப்பா அம்மா ரெண்டு பேரும் வெதர் அண்டர்கிரவுண்ட்ங்கற தீவிர இடதுசாரி குழுவுல இருந்தவங்க, 1981-ல நியூயார்க் பக்கத்துல பிரிங்க்ஸ் பணவண்டி கொள்ளையில, கொள்ளைக்காரங்க தப்பிக்கற வண்டி ஓட்டற பக்கம் இருந்தாங்க, அதுல ரெண்டு போலீஸ்காரர், ஒரு காவலாளின்னு மூணு பேர் செத்தாங்க. பிள்ளைக்கு அப்போ 14 மாசம். அம்மா 2003-லதான் வெளிய வந்தாங்க. ஜெயிலுக்கு போய் மெட்டல் டிடெக்டர் தாண்டி அப்பா அம்மாவை பாத்து வளந்த பையன், யேல்ல படிச்சு, இந்த ஊர்ல பப்ளிக் டிஃபெண்டரா, அதாவது ஏழைங்களுக்கு அரசாங்கம் தர்ற எதிர்த்தரப்பு வக்கீலா வேலை பாத்துட்டு, கேஸ் போடற ஆபீஸுக்கே தலைவரா வர்றேன்னு நின்னாரு. போலீஸ் யூனியன் அவரை எதிர்த்து லட்சக்கணக்குல செலவு பண்ணி விளம்பரம் போட்டுச்சு. என் வீட்டுக்கு வந்த அட்டைகளை ஃபிரிட்ஜ் மேல அடுக்கி வெச்சிருந்தேன், கடைசில பையன் அதுல ராக்கெட் செஞ்சுட்டான்.

இப்ப மெயின் ப்ராடக்ட், அதாவது பேலட். இந்த ஊர்ல 2004-ல இருந்து ரேங்க்டு சாய்ஸ், ரன்-ஆஃபுக்கு இன்னொரு நாள் போக வேணாம், முதல் சாய்ஸ், ரெண்டாவது, மூணாவதுன்னு ஒரே சீட்டுல வரிசை போட்டுடலாம். பக்கவாட்டுல பேரு, மேல சாய்ஸ் நம்பர், நடுவுல முட்டைங்க. கடைசில இருக்கறவரை தூக்கிட்டு அவருக்கு போட்டவங்களோட அடுத்த சாய்ஸுக்கு ஓட்டு போகும், யாராவது பாதியை தாண்டற வரைக்கும் இப்படியே. நான் டாட்ச் ஒண்ணு, டங் ரெண்டு, பூடீன் மூணு போட்டேன். நியாயமா சொன்னா டாட்ச் மேல பெரிய அபிப்பிராயம் ஒண்ணும் கிடையாது, அவரோட அறிமுகம்தான் அந்த புக்ல படிக்க நல்லா இருந்துச்சு. அவர் நாலாவதா வந்து முதல்ல அவுட், என் ஓட்டு டங்குக்கு போச்சு, அடுத்து டங் அவுட், ஓட்டு பஸ் மாறி பஸ் மாறி கடைசில பூடீன் ஸ்டாப்புல இறங்குச்சு.

என் வீட்டுக்காரர் என்ன பண்ணினார்னா, முந்தின வருஷம் வரைக்கும் அம்பு மாதிரி இருக்கறதை கோடு போட்டு சேக்கற பேலட்டு, இந்த தடவை புதுசா கட்டம் கட்டமா இருக்கவும், லாஃப்டஸுக்கு நாலு சாய்ஸ் காலத்துலயும் முட்டையை நிரப்பிட்டு "அப்பதான் ஸ்ட்ராங்கா இருக்கும்"னாரு. புக்ல தெளிவா போட்டிருக்கு, ஒரே ஆளுக்கு எத்தனை காலத்துல போட்டாலும் ஒரு தடவைதான் கணக்கு, மத்ததெல்லாம் வேஸ்ட். கவரை ஒட்டி கையெழுத்தும் போட்டாச்சு. நான் காட்டினப்ப "எனக்கு வேற யாரையும் பிடிக்கலைங்கறதை அவங்க தெரிஞ்சுக்கட்டும்"னு சமாளிச்சாரு.

ரிசல்ட் ஸ்பீடு சுமார்தான். எலெக்‌ஷன் செவ்வாய்க்கிழமை, லாஃப்டஸ் தோல்வியை ஒத்துக்கிட்டது சனிக்கிழமை. கடைசி நேரத்துல போஸ்ட்ல வர்ற கவர் ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து சரி பாக்கணும், அதனால லேட்டாகும், எனக்கு அதுல புகார் இல்ல, வேகமா தப்பா எண்றதுக்கு மெதுவா சரியா எண்ணலாம். முதல் சாய்ஸ்ல பூடீன் சுமார் 36 சதவீதம், லாஃப்டஸ் 31, வரிசையெல்லாம் எண்ணி முடிச்சப்ப 50.8-க்கு 49.2, வித்தியாசம் 3,000 ஓட்டு கூட இல்ல. நியூயார்க்ல ஜெயில்ல இருந்த அப்பாவை பாத்துட்டு திரும்பற ஃபிளைட்லதான் ஜெயிச்ச சேதி பூடீனுக்கு கிடைச்சுதாம். எங்க வீட்டுக்காரரோட நாலு முட்டை கதையை அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல எடுத்து வெச்சேன், மனுஷன் ரசத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாரு. லாஃப்டஸ் கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னதால அவர் ஓட்டு வீணாப் போகல, அதை நான் சொல்லல.

அடுத்தது ரிட்டர்ன் பாலிசி. இதைப் பத்தி எழுதத்தான் இந்த ரிவ்யூவையே ஆரம்பிச்சேன்.

பூடீன் 2020 ஜனவரில வந்தாரு, வந்ததும் பணம் கட்டி ஜாமீன்ல போற முறையை இனி கேக்க மாட்டோம்னாரு, ரெண்டே மாசத்துல கொரோனா. ஊரே காலி, டவுன்டவுன்ல ஃபென்டனில் போதை மருந்து, கடையில சோப்பு டூத்பேஸ்ட்டுக்கெல்லாம் பூட்டு. அந்த வருஷக் கடைசி நாள் ஒரு கார் மோதி ரோட்ல போன ரெண்டு பெண்கள் இறந்தாங்க, கைதானவர் பரோல்ல இருந்த ஆள், முன்னாடியே புடிச்சு விட்டிருந்த ஆள்னு தெரிஞ்சதும் ஊர் கொதிச்சுடுச்சு. வயசான ஏசியன்களை தள்ளி விட்டு அடிக்கற வீடியோ வாரா வாரம் வந்துச்சு, எங்க பக்கத்து பாட்டி சாயங்காலம் வெளிய போறதையே நிறுத்திட்டாங்க. அந்த கோவம் பொய் இல்ல, அதை அரசியல்னு ஒதுக்கற ஆளுங்க மேல எனக்கு எரிச்சல்தான் வரும்.

எங்க காரும் தப்பல. கோல்டன் கேட் பார்க் ஓரமா நிறுத்தி ஒரு மணி நேரம், பின் கண்ணாடி ரோட்ல சர்க்கரை மாதிரி கொட்டிக் கிடந்துச்சு, போனது பையனோட ஸ்விம்மிங் பை, உள்ள ஈர டிராயர். வீட்டுக்காரர் "எல்லாம் உன் பூடீனால"ன்னாரு. இங்கதான் நான் கொஞ்சம் கணக்கு பாத்தேன். இந்த ஊர்ல கார் கண்ணாடி உடைப்பு உச்சத்துல இருந்தது 2017, வருஷத்துக்கு 30,000-க்கு மேல, அப்போ டிஏ காஸ்கோன். அதுல ஆள் பிடிபடறது நூத்துக்கு ரெண்டு கூட கிடையாது. ஆள் பிடிபட்டாத்தானே டிஏ கேஸ் போட முடியும்? அப்புறம் எல்லாரும் சொல்ற அந்த 950 டாலர், அதுக்கு கீழ திருடினா சின்ன குத்தம்தான்னு, அது பூடீன் போட்ட ரூல் இல்ல, 2014-ல ஸ்டேட் முழுக்க ஓட்டு போட்டு வந்த பிரபோசிஷன் 47, அதை எழுதினவங்கள்ல ஒருத்தர் காஸ்கோன். பூடீன் கேஸ் நடத்தின விதத்துல சண்டை போட எவ்வளவோ இருந்துச்சு, அவர் ஆபீஸ்ல இருந்து வக்கீலுங்க கூட்டமா வெளிய போனாங்களே. ஆனா அவரை பதவிக்காலம் முடியறதுக்குள்ள ஓட்டு போட்டு எடுக்கற ரீகாலுக்கு கையெழுத்து வாங்க சூப்பர்மார்க்கெட் வாசல்ல கிளிப்போர்டோட நின்ன பையன் என்கிட்ட கேட்டது "கார் கண்ணாடி உடைஞ்சிருக்கா?"ங்கறது மட்டும்தான். அதுக்கு நோன்னு சொல்ற ஆள் இந்த ஊர்ல இருக்காங்களா.

முதல் ரீகால் முயற்சி கையெழுத்து பத்தாம போச்சு, ரெண்டாவதுக்கு 51,000 சொச்சம் தேவை, 83,000 குடுத்தாங்க. 2022 ஜூன் 7, பிரபோசிஷன் ஹெச். ரீகாலுக்கு ஆதரவா 70 லட்சம் டாலருக்கு மேல செலவாச்சு, எதிர்ப்பக்கம் அதுல பாதி கூட இல்ல. 55 சதவீதம் எஸ், ஆள் வெளிய. வீட்டுக்காரர் எஸ், நான் நோ, ரெண்டு கவரையும் ஒரே டிராப் பாக்ஸ்ல போட்டுட்டு ஒண்ணும் பேசாம காபி குடிச்சுட்டு வந்தோம்.

ரிட்டர்ன் எடுக்கறது இந்த சர்வீஸ்ல ஈஸி, ஒத்துக்கறேன். ஆனா நீங்க ஒரு பொருளை பிடிக்கலைன்னு திருப்பிக் குடுத்தா மாத்துப் பொருளை நீங்கதானே எடுப்பீங்க? இங்க கடைக்காரர் எடுப்பாரு. ரீகால் பேலட்ல எஸ், நோ மட்டும்தான், அடுத்து யாருங்கற கேள்வியே கிடையாது, அதை மேயர் போடுவாங்க. ஜூலைல ப்ரீட் போட்டது ப்ரூக் ஜென்கின்ஸை, பூடீன் ஆபீஸ்ல வேலை பாத்து 2021 அக்டோபர்ல ராஜினாமா பண்ணிட்டு ரீகால் பிரச்சாரத்தோட முகமா இருந்தவங்க. வாலன்டியரா செய்யறேன்னு சொல்லிட்டு இருந்தாங்க, பதவிக்கு வந்தப்புறம் தாக்கல் பண்ணின கணக்குல, ரீகாலுக்கு பணம் குடுத்தவங்களோட தொடர்பு உள்ள நான்-ப்ராஃபிட்ல கன்சல்டிங்குக்கு 1 லட்சம் டாலருக்கு மேல வாங்கினது தெரிஞ்சு பேப்பர்ல வந்துச்சு. அவங்க அது வேற வேலைக்குன்னாங்க. திறமையான வக்கீல்தான், கொலை கேஸ் நடத்தின அனுபவம் இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பூடீனை எடுக்க ஓட்டு போட்ட 55 சதவீதத்துல யாரும் ஜென்கின்ஸுக்கு ஓட்டு போடல, அவங்க பேரு எந்த சீட்டுலயும் இல்ல. நவம்பர்ல எலெக்‌ஷன் வந்தப்ப அவங்க பதவில இருக்கற ஆளா நின்னு ஜெயிச்சாங்க, அந்த மூணு வார்த்தை இடத்துல ஜூன் வரைக்கும் இல்லாத பட்டம் வந்துடுச்சுன்னா அது எவ்ளோ பெரிய விளம்பரம். வேடிக்கை என்னன்னா அதே ஜூன் பேலட்ல பிரபோசிஷன் "சி"ன்னு ஒண்ணு இருந்துச்சு, மேயர் இப்படி போடற ஆள் அடுத்து வர்ற எலெக்‌ஷன்ல நிக்கக் கூடாதுன்னு. அதை ஊர் தோக்கடிச்சுடுச்சு. ரிட்டர்ன் பாலிசியோட கண்டிஷனை படிச்சு கையெழுத்து போட்டது நாமதான், இப்ப கத்தி என்ன.

காஸ்கோன் என்ன ஆனாருன்னு கேட்டா, அதே வேலைக்கு லாஸ் ஏஞ்சலஸ் போனாரு, 2020-ல ஜெயிச்சாரு, அங்கயும் ரெண்டு ரீகால் முயற்சி, ரெண்டும் கையெழுத்து பத்தல, ஆனா 2024-ல நேத்தன் ஹாக்மேன்கிட்ட ஒழுங்கான எலெக்‌ஷன்லயே தோத்தாரு. எனக்கு இந்த முறைதான் பிடிச்சிருக்கு, பேரை எதிர்த்து பேர், யாருக்கு பதிலா யாருன்னு கண்ணால பாத்துட்டு போடற ஓட்டு.

2022 நவம்பர்ல இன்னொரு பிரபோசிஷன் ஹெச் வந்துச்சு, அதே எழுத்து, வேற விஷயம், எனக்கே குழம்பிடுச்சு. மேயர், டிஏ எலெக்‌ஷனையெல்லாம் ஜனாதிபதி எலெக்‌ஷன் வருஷத்துக்கு மாத்தறது. எஸ் போட்டேன். அதிகம் பேர் ஓட்டு போடுவாங்கன்னு வாதம், அது நடந்துச்சு, 2019-ல சுமார் 42 சதவீதம் பேர் போட்டாங்க, 2024-ல சுமார் 79. ஆனா அந்த 2024 பேலட்டை சாப்பாட்டு மேஜை மேல விரிச்சப்ப ஜனாதிபதி, செனட்டர், மேயருக்கு 13 பேர், அதுக்கு பத்து காலம், ஏ-ல இருந்து ஓ வரைக்கும் 15 உள்ளூர் பிரபோசிஷன், அது போக ஸ்டேட் பிரபோசிஷன், டிஏவை தேடி சீட்டை திருப்பித் திருப்பி பாக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டே பேர், ஜென்கின்ஸும் ரயன் கோஜஸ்டேயும். 2019-ல மூணு வாரம் சண்டை போட்டு முடிவு பண்ணின அதே போஸ்ட்டுக்கு இந்த தடவை எங்க வீட்டுல ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. நான் மேயர் கட்டத்துல ஆறாவது காலத்துல முழிச்சுக்கிட்டு இருந்தப்பவே வீட்டுக்காரர் டிஏவை முடிச்சுட்டு கவரை எடுத்துட்டாரு. எட்டிப் பாத்தேன், இந்த தடவை ஒரே ஒரு முட்டைதான் நிரப்பியிருந்தாரு.

பாம்ஃப்லெட்டுக்கு நாலு ஸ்டார், பேலட்டுக்கு அஞ்சு, ரிட்டர்ன் பாலிசிக்கு ஒண்ணரை.